ஒன்பதாவது போர்வை

ஊசி உடைந்தபோது சத்தம் கேட்டதா என்று பின்னால் பலர் என்னிடம் கேட்டார்கள். கேட்கவில்லை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. வாசலில் வேன்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். எனக்கு விரலில்தான் தெரிந்தது. இழுத்துக்கொண்டிருந்த ஊசி சட்டென்று லேசாகிவிட்டது. பார்த்தால் காதுள்ள பாதி மட்டும் கையில் இருந்தது. முனையைக் காணோம்.

மன்னார்குடிக்குத் தெற்கே இருக்கிறது எங்கள் ஊர். அந்த வருஷம் கார்த்திகையில் பத்து நாள் விடாமல் மழை. சம்பாப் பயிர் மூழ்கி, நுனி மட்டும் வெளியே தெரிந்தது. என் கணவர் விடிந்ததும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வடிகாலுக்குப் போய்விடுவார். நான் தறிக்கூடத்துக்குப் போவேன். முன்பெல்லாம் நானும் நடவுக்குப் போனவள்தான். நடவு மிஷின் வந்த பிறகு எங்கள் தெருப் பெண்களுக்கு வருஷத்தில் பாதி நாள் வேலை இல்லாமல் போயிற்று. தபால் வழியில் பட்டம் முடித்திருந்தும் எனக்கு எந்தக் கதவும் திறக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் மூடிக் கிடந்த ரைஸ் மில்லின் குடோனில் தறி போடப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது.

தறி போட்டவர் மெக்சிகோ நாட்டுப் பெண். நடனம் கற்றுக்கொள்ளத் தஞ்சாவூருக்கு வந்து, இங்கேயே ஒரு கல்லூரி ஆசிரியரைக் கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டவர். நாங்கள் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவரோ எங்கள் வீட்டுக் கைக்குழந்தையைக்கூட வாங்க, போங்க என்றுதான் பேசுவார். அவருடைய ஊரில் கூலிக்காரர்களும் குதிரைக்காரர்களும் தோளில் போட்டுக்கொண்ட போர்வைகள் உண்டாம். நீளமாகக் கோடு கோடாக, பல நிறத்தில். மில்லில் மிஞ்சின நூலையும், கிழித்துத் திரும்ப நூற்ற பழந்துணியையும் வைத்துத்தான் அவற்றைக் கையால் நெய்தார்களாம். பிறகு மிஷின் போர்வை வந்தது. கைத்தறிகளை விறகுக்குப் போட்டார்கள். அவரும் அவருடைய ஊர்க்காரர்கள் சிலரும் சேர்ந்து அங்கே மறுபடி தறிகளை நட்டிருக்கிறார்கள். அதே போர்வையை அதே மாதிரி நூலில் இங்கேயும் நெய்யலாம் என்பது அவருடைய எண்ணம்.

நூல் திருப்பூரிலிருந்து வந்தது. பனியன் வெட்டும்போது விழுந்த துண்டுகள், பழைய ஜீன்ஸ், யாரோ உடுத்திக் கழித்த சட்டைகள், எல்லாவற்றையும் மிஷினில் பஞ்சாகக் கிழித்து மறுபடி நூலாக்கியது. ஆரம்பத்தில் அதைத் தொடவே எங்களுக்குப் பயம். செத்தவர்களின் துணியும் இதில் இருக்குமோ என்று ஒருத்தி கேட்டுவிட்டாள். அன்று மத்தியானம் பாதிப்பேர் சோற்றைத் தொடவில்லை. அக்கா சிரிக்கவில்லை. கொதிக்கவைத்து, வெளுத்து, சாயம் போட்ட பிறகுதான் நூலாகிறது என்று பொறுமையாகச் சொன்னார். நான் தலையாட்டினாலும் அடுத்த பல நாட்கள் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகக் குளித்தேன்.

அந்த நூலில் வேறொரு தொல்லையும் இருந்தது. எப்போதாவது ஒரு ஜிப்பின் பல்லோ, ஸ்டேப்ளர் பின்னோ உள்ளே சிக்கி வரும். அதனால் நெய்து முடித்த ஒவ்வொரு போர்வையின்மேலும் பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தை ஓட்டிப் பார்த்த பிறகுதான் கட்டுவோம். ஊசிக்கும் சட்டம் இருந்தது. செக்கிங் மேஜையில் ஒரு நோட்டு கிடக்கும். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் அதில் டேப் போட்டு ஒட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் அது கிடைக்கும்வரை எந்தப் போர்வையும் வாசலைத் தாண்டக்கூடாது. இந்தச் சட்டத்தை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். ஒரு மாதத்துக்கு முன்னால்தான் செக்கிங் முழுவதையும் என் பொறுப்பில் விட்டிருந்தார் அக்கா. என்னைவிட மூத்தவர்கள் இரண்டு பேருக்கு அதில் வருத்தம்.

அன்றைக்கு முத்துப்பேட்டைப் பக்கம் மீனவக் குடும்பங்கள் தண்ணீர் சூழ்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். எங்கள் ஊரிலிருந்து அரிசியும் பாத்திரமும் ஏற்றி ஒரு வேன் கிளம்பியது. சிவப்புச் சாயம் வெள்ளைக் கோட்டில் இறங்கிப்போனதால் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாத போர்வைகள் ஒன்பது இருந்தன. அவற்றையும் கொடுத்துவிடலாம் என்றார் அக்கா. ஓரத்துக் குஞ்சங்களின் முடிச்சு மட்டும் பாக்கி. இந்த நூல் சீக்கிரம் பிரிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முடிச்சையும் ஊசியால் ஒரு தையல் போட்டு இறுக்குவோம். மூன்று நான்கு போர்வைகளை ஒன்றாக மடியில் போட்டுக்கொண்டு அவசரமாகத் தைத்தேன்.

முனை போனது தெரிந்ததும் கீழே பார்த்தேன். மடியை உதறினேன். ஹாரன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. நனைந்து நடுங்கும் பிள்ளைகளுக்குப் போகிற போர்வையை இந்தச் சின்னத் துண்டுக்காக நிறுத்துவதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதி என்னவென்றால், அந்த நோட்டில் முதல் ஆளாக நான் கையெழுத்துப் போடுவதை மூத்தவர்கள் இரண்டு பேரும் பார்ப்பார்கள். கையிலிருந்த பாதி ஊசியைச் சேலைக்கு மேல் போட்டிருந்த சட்டைப் பையில் ஒளித்தேன். டப்பாவிலிருந்து வேறு ஊசி எடுத்து மிச்சத்தைத் தைத்தேன். காந்தமும் ஓட்டவில்லை. ஒன்பது போர்வையும் வேனில் ஏறின.

வேன் போன பிறகு தரையைப் பெருக்கினேன். குப்பையில் காந்தத்தை விட்டுத் துழாவினேன். ஒரு கொக்கியும் இரண்டு பின்னும் ஒட்டிக்கொண்டு வந்தன. முனை வரவில்லை. தறி இடுக்குகளில் பார்த்தேன். என் சேலையை உதறி, மடிப்பு மடிப்பாகத் தடவினேன். அப்போதுதான் அது போர்வையோடு போய்விட்டது என்று புரிந்தது.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது எங்கள் தெருவில் ஒரு பெண் ஊசியை மிதித்துவிட்டாள். பாதி உள்ளேயே முறிந்துவிட்டது. ரத்தத்தோடு ஓடி நெஞ்சுக்கு வந்துவிடும், ஆடாமல் அசையாமல் கிட என்று அவளை ஒரு பகல் முழுக்கக் காலைத் தூக்கிவைத்துப் படுக்கவைத்திருந்தார்கள். பிள்ளைகள் நாங்கள் சுற்றி நின்று அவளுடைய நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தோம், ஊசி வந்து சேருவது வெளியே தெரியும் என்பதுபோல. பிறகு கம்பவுண்டர் வந்து எடுத்துவிட்டார். ஆனாலும் அந்தப் பயம் எனக்குள் அப்படியே இருந்திருக்கிறது. பெரியவர்களுக்கே அப்படியென்றால் கைக்குழந்தைக்கு? அந்தப் பள்ளிக்கூடத்தில் கைக்குழந்தை இல்லாமலா இருக்கும்?

மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்தபோது நான் அக்காவின் அறைக்குப் போனேன். சட்டைப் பையிலிருந்து பாதி ஊசியை எடுத்து மேஜையில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“மிச்சம் எங்க?” என்றார்.

“போர்வையிலன்னு நெனைக்கிறேன்க்கா.”

“எந்தப் போர்வை?”

“தெரியலக்கா.”

அவருடைய முகம் வெளுத்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் திட்டவில்லை. ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு, காந்தத்தையும் அந்தப் பாதி ஊசியையும் பையில் போட்டுக்கொண்டு, ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். “வாங்க” என்று மட்டும் சொன்னார். வேனில் போனவர்களுக்கு நான் போன் அடித்துக்கொண்டே இருந்தேன். யாருக்கும் போகவில்லை. அந்தப் பக்கம் டவர் செத்துக்கிடந்தது.

திருத்துறைப்பூண்டி வரைக்கும் எப்படியோ போய்விட்டோம். அதற்கப்புறம் சாலையும் வயலும் ஒன்றாக இருந்தன. இரண்டு பக்கமும் நின்ற கருவேல மரங்களை வைத்துத்தான் ரோடு எது என்று தெரிந்தது. ஓர் இடத்தில் வண்டியை இறங்கித் தள்ளினோம். தண்ணீர் முழங்காலுக்கு மேல் வந்தது. பாம்பு இருக்குமோ என்ற பயம் வழக்கமாக எனக்கு வரும். அன்று வரவில்லை. அந்த இடத்தில் வேறு ஒன்று உட்கார்ந்திருந்தது. போய்ச் சேரும்போது யாராவது அழுதுகொண்டு வாசலில் நின்றால் என்ன செய்வது என்று மட்டும் யோசித்துக்கொண்டே தள்ளினேன்.

பள்ளிக்கூடத்தில் வகுப்பறை நிறைய ஜனம். ஈரத்துணி வாடை, சோறு வேகிற புகை. எங்கள் போர்வைகளைத் தேட வேண்டியிருக்கவில்லை. சாயம் இறங்கிய அந்தச் சிவப்புக் கோடுகள் தூரத்திலிருந்தே தெரிந்தன. ஒன்றில் மூன்று பிள்ளைகள் சேர்ந்து உருண்டுகொண்டிருந்தார்கள். ஒன்றை ஒரு கிழவர் தலையோடு மூடிக்கொண்டு தூங்கினார்.

அவர்களிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டியது நான். அக்கா என் பக்கத்தில் நின்றாரே தவிர எனக்காகப் பேசவில்லை. கொடுத்த போர்வையில் ஊசித்துண்டு இருக்கலாம், எல்லாவற்றையும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னேன். தாய்மார்கள் பிள்ளைகளைப் போர்வைக்குள்ளிருந்து இழுத்துத் தூக்கினார்கள். ஒரு பெண் தன் மகனின் சட்டையைக் கழற்றி முதுகைத் தடவிப் பார்த்தாள். குடுத்ததே கழிச்சுப்போட்டது, அதுல ஊசி வேறயா என்று ஒருவர் கேட்டார். நான் ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டேன்.

பெஞ்சின்மேல் ஒவ்வொன்றாக விரித்துக் காந்தத்தை ஓட்டினோம். ஒரு விரல் அகலம்கூட விடாமல், மேலும் கீழும், குஞ்சத்தின் மேலும். முதல் போர்வையில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் டிக் என்றது. பார்த்தால் எப்போதோ நூலில் வந்த ஒரு பின். எட்டுப் போர்வை முடிந்தது. முனை இல்லை.

ஒன்பதாவது எங்கே என்று அக்கா கேட்டார். ஒரு வயதான அம்மாள் சொன்னார். நாலு மாசப் பிள்ளைக்குப் போர்த்தியிருந்தார்களாம். பிள்ளையைத் தாயும் தகப்பனும் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

“என்னாச்சு?” என்று கேட்டேன்.

“அந்தப் போர்வையப் போத்துன கொஞ்ச நேரத்துல வீல்னு கத்த ஆரம்பிச்சிச்சு. நிறுத்தவே இல்ல.”

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி வரைக்கும் போன வழி எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. பின்சீட்டில் அக்காவின் ரெயின்கோட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேளாங்கண்ணி மாதாவிடமும், எங்கள் ஊர் ஐயனாரிடமும், பெயர் தெரியாத சாமிகளிடமும் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அந்தப் பிள்ளையின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. ஆனால் ஒரு முகம் தானாக வந்து முன்னால் நின்றது.

குழந்தைகள் வார்டின் தாழ்வாரத்திலேயே அந்த அழுகை கேட்டது. கத்திக் கத்திக் குரல் கம்மிப்போன அழுகை. அந்தத் தாய்க்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். தோளில் பிள்ளையைப் போட்டு நடந்துகொண்டிருந்தாள். போர்வை பெஞ்சில் கிடந்தது. அவளுடைய கணவர் மருந்துச் சீட்டோடு எங்கேயோ போயிருந்தார். நான் அவள் முன்னால் போய் நின்று சொன்னேன். அவள் நடப்பதை நிறுத்தினாள். புரியாததுபோலப் பார்த்தாள். மறுபடி சொன்னேன். புரிந்ததும் பிள்ளையை மார்போடு இறுக்கினாள். உடனே, இறுக்கினால் குத்துமோ என்று நினைத்தாளோ என்னவோ, கையைத் தளர்த்திக் குழந்தையைத் தன்னிடமிருந்து தள்ளிப் பிடித்தாள். அந்த இரண்டு அசைவுகளும் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கின்றன.

அக்கா போர்வையை விரித்துக் காந்தத்தை ஓட்டினார். ஒருமுறை, இரண்டு முறை, மூன்றாவது முறை. ஒன்றும் ஒட்டவில்லை. எட்டிலும் இல்லை, ஒன்பதாவதிலும் இல்லை. அப்படியானால் முனை எங்கே போயிருக்கும்? மூன்று பேரும் பிள்ளையைப் பார்த்தோம்.

நர்ஸம்மா பிள்ளையைத் துணியில்லாமல் கிடத்தி, விளக்கைப் பிடித்து, தொடை இடுக்கு, கழுத்து மடிப்பு, விரல் சந்து எல்லாம் பார்த்தார். முழங்காலுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு புள்ளி இருந்தது. கொசு கடித்ததாகவும் இருக்கலாம், சொல்ல முடியாது என்றார். டாக்டர் எக்ஸ்ரே எழுதினார். தாயும் பிள்ளையும் உள்ளே போனார்கள். கதவு மூடியது. அசையாமல் பிடிச்சுக்கம்மா என்று உள்ளே யாரோ சொல்வது கேட்டது. பிள்ளை வீறிட்டது. நான் தாழ்வாரத்துச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். அக்கா கொஞ்ச தூரத்தில் நின்று தன்னுடைய மொழியில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது, அவர்மேல் அல்ல, ஹாரன் அடித்த வேன்காரர்மேல். அவர் என்ன செய்தார் பாவம். யார்மேலாவது போட்டுவிட மாட்டோமா என்று மனசு அலைந்தது.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார். ஊசி எதுவும் இல்லை என்றார். பிறகு பிள்ளையின் காதைப் பார்த்தார். உள்ளே சீழ் கட்டியிருக்கிறது, அதனால்தான் அழுகை என்றார். முந்தின நாள் சாயங்காலமே லேசாகச் சுட்டுது, நாந்தான் மழைக்குளிருன்னு விட்டுட்டேன் என்று அந்தத் தாய் சொன்னாள். டாக்டர் இன்னொரு தடவை படத்தைக் காட்டினார். எலும்புகள் நூல்போல அவ்வளவு சன்னமாக இருந்தன. நடுவில் எங்கும் நான் தேடிய அந்தக் கோடு இல்லை.

சொட்டு மருந்து விட்டு, ஊசி போட்டு, ஒரு மணிநேரத்தில் பிள்ளை தூங்கிவிட்டது. தாய் அதை மடியில் கிடத்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். கை சும்மா இருக்கவில்லை. பக்கத்தில் கிடந்த போர்வையின் குஞ்சத்தை எடுத்து ஒவ்வொரு முடிச்சாகப் பிரிக்க ஆரம்பித்தாள். வலை முடிச்சைப் பிரித்துப் பழகிய விரல்கள். நாங்கள் அவ்வளவு இறுக்கித் தைத்த முடிச்சு அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. நான் எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் பிரிக்கிறாள் என்று கேட்கத் தோன்றவில்லை.

பதினைந்து, இருபது முடிச்சு பிரித்திருப்பாள். திடீரென்று கையை உதறினாள். ஆள்காட்டி விரல் நுனியில் ரத்தம் ஒரு பொட்டாக நின்றது. முடிச்சின் நடுவிலிருந்து, நூல் நெருக்கிப் பிடித்திருந்த அந்த முனையை மெதுவாக உருவி எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்தாள். அரிசி நீளம்தான் இருக்கும். நூல் இறுக்கிப் பிடித்திருந்ததால் காந்தத்துக்கு அது அசையவில்லை. அக்கா தன் பையிலிருந்த காதுப் பாதியை எடுத்துப் பொருத்திப் பார்த்தார். சரியாக இருந்தது.

முடிச்சுப் பிரிந்திருந்தால் அது எங்கே போயிருக்கும் என்று நான் நினைத்த அதே நேரத்தில் அந்தத் தாயும் நினைத்திருக்க வேண்டும். பிள்ளைகள் குஞ்சத்தை வாயில்தான் வைப்பார்கள். அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

“நீங்க சொல்லாம இருந்திருந்தா என்னக்கா ஆயிருக்கும்?”

நான் காலையிலேயே சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரியும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலேயே ஒடஞ்சது எனக்குத் தெரியும், பயந்துகிட்டு அனுப்பிட்டேன் என்று சொன்னேன். அவள் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. போர்வையைச் சுருட்டி என் கையில் கொடுத்தாள்.

“இது வேணாங்க்கா. வேற துணி இருந்தா கொண்டாந்து குடுங்க.”

மறுநாள் அந்த வார்டுக்கே என் வீட்டிலிருந்த இரண்டு பருத்திப் போர்வைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி, பிரித்து, வெளிச்சத்தில் பிடித்து, முழுவதும் விரலால் தடவிப் பார்த்த பிறகே பிள்ளைமேல் போட்டாள். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அவள் என்னை உட்காரச் சொல்லவில்லை.

தறிக்கூடத்தில் அந்த இரண்டு துண்டுகளையும் நோட்டில் ஒட்டி, எல்லோர் முன்னாலும் கையெழுத்துப் போட்டேன். மூத்தவர்களில் ஒருத்தி என் தோளைத் தொட்டாள். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. அக்கா என்னைச் செக்கிங்கிலிருந்து எடுத்துத் தறியில் உட்காரவைத்தார். தண்டனையா என்று கேட்டேன். “உங்க கை இப்ப நடுங்குதுங்க. நடுங்குற கையில ஊசி வேணாம்” என்றார். அன்றிலிருந்து தறிதான் என் வேலை. இப்போது குஞ்சத்துக்கு ஊசியே இல்லை. நூலை முறுக்கி முறுக்கி விடுகிறோம். அவருடைய ஊரில் ஆரம்பத்திலிருந்தே அப்படித்தானாம். சீக்கிரம் முடியட்டும் என்றுதான் இங்கே தையல் வைத்திருந்தார். அந்தத் தவறு தன்னுடையது என்று அவர் எங்களிடம் சொன்னபோது, அவரும் ஒரு பயத்தை அத்தனை நாளும் சுமந்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

அந்தத் தாயின் போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. மழை பெரிதாகப் பெய்தால் கூப்பிடுவேன். பிள்ளைக்கு எப்படி இருக்கு என்பேன். நல்லா இருக்கான் என்பாள். அதற்குமேல் எங்களுக்குப் பேச்சு இல்லை. போன வாரம் கூப்பிட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. தறியில் உட்கார முடியாமல் எழுந்து வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். மத்தியானம் அவளே கூப்பிட்டாள். நண்டு பிடிக்கப் போயிருந்தாளாம், போன் வீட்டில் இருந்ததாம். என்னக்கா அவசரம் என்றாள். ஒன்றும் இல்லை, சும்மாதான் என்றேன். பக்கத்தில் பிள்ளை எதற்கோ கத்திக்கொண்டிருந்தது. ஏன் கத்துகிறான் என்று கேட்டேன். பனங்கிழங்கு கேக்குறான் என்றாள்.